ஸ்பீட்மாஸ்டரை தினமும் கட்டலாமா?

கேள்வி: ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம், உள்ளே 3861 என்ற மெஷின், மேலே ஹெசலைட் கண்ணாடி. ஆபீஸ், பைக், மழை எல்லாம் தாங்குமா? கீறல் விழுமே என்றுதான் யோசனை.

பதில் 1: கீறல் விழும், ஆனால் போக்கிவிடலாம். ஹெசலைட் என்பது அக்ரிலிக் பிளாஸ்டிக். சுற்றியுள்ள கறுப்பு வளையத்தில் டேப் ஒட்டிவிட்டு, பாலிவாட்ச் என்ற பாலிஷ் பேஸ்ட் ஒரு சொட்டு வைத்து, பருத்தித் துணியால் மூன்று நான்கு நிமிடம் தேயுங்கள். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கோடு மட்டும் முழுசாகப் போகாது. இன்னொரு வகையான சஃபையர் கண்ணாடியில் லேசில் கீறல் விழாது. பலமாக இடித்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். அந்தக் கறுப்பு வளையம் அலுமினியம். கதவு நிலையில் உரசினால் தழும்பு நிற்கும், பாலிஷ் பண்ண முடியாது.

பதில் 2: தண்ணீர்தான் உண்மையான பலவீனம். 50 மீட்டர் என்று போட்டிருந்தாலும் கிரவுன் (சாவி கொடுக்கும் குமிழ்) திருகி மூடும் வகை இல்லை. மழை, கை கழுவுதல் பரவாயில்லை. வெந்நீர்க் குளியல் வேண்டாம், ரப்பர் வளையங்கள் கெடும். ஈரத்தில் பட்டன்களை அழுத்தவே கூடாது. வருஷம் ஒருமுறை தண்ணீர் புகுமா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள்.

பதில் 3: காந்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 3861 மெஷின் 15,000 காஸ் (காந்தப்புல அளவு) வரை தாங்கும். பழைய 1861 மெஷின் என்றால் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாலே வேகமாக ஓட வாய்ப்புண்டு. சாவி தினமும் காலையில் கொடுங்கள், முட்டியதும் நிறுத்திவிடுங்கள்.