கேட்ஸ்பியின் மாளிகை: காதலா, செல்வமா? கட்டுரைக்கு உதவி தேவை

வணக்கம். ‘தி கிரேட் கேட்ஸ்பி’ (1925) நாவலில் நாயகன் கேட்ஸ்பி வாழும் மாளிகையைப் பற்றி முதுகலை வகுப்புக்குக் கட்டுரை எழுதுகிறேன். அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டும். மாளிகை காதலுக்கும் குறியீடு, செல்வத்துக்கும் குறியீடு. இரண்டையும் ஒரே வாதத்தில் கொண்டுவர முடியாமல் பாதியில் நிற்கிறேன்.

முதலில் காதலை வைத்து எழுதிப் பார்த்தேன். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் தன் பழைய காதலி டெய்சி இருக்கிறாள் என்பதற்காகத்தான் கேட்ஸ்பி அந்த வீட்டையே வாங்கினான் என்கிறாள் டெய்சியின் தோழி ஜோர்டன். 5ஆம் அத்தியாயத்தில் டெய்சி உள்ளே வந்ததும், அவள் கண்ணில் தெரிவதை வைத்தே தன் வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் அவன் புதிதாக மதிப்பிடுகிறான். நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனால் இப்படிப் போனால் அங்கே அவன் தரும் விருந்துகளும் 40 ஏக்கருக்கு மேல் விரிந்த தோட்டமும் வெறும் அலங்காரமாகிவிடுகின்றன.

சரி என்று செல்வத்தின் பக்கம் திரும்பினேன். புதுப் பணக்காரர்கள் வாழும் வெஸ்ட் எக் பகுதி, நார்மண்டி நகர மண்டபத்தைப் பார்த்துக் கட்டிய வீடு, நூலகத்தில் பக்கங்கள்கூட வெட்டிப் பிரிக்கப்படாத, அதாவது யாரும் படிக்காத, அசல் புத்தகங்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின, டெய்சிதான் காணாமல் போனாள். அத்தியாயம் வாரியாகக் குறிப்பெடுத்தும் பார்த்தேன், அது கதைச்சுருக்கமாகத்தான் வந்தது.

விருந்து டெய்சிக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தபின், 7ஆம் அத்தியாயத் தொடக்கத்தில் விருந்துகள் நின்றுபோய், ஒரு சனிக்கிழமை இரவு மாளிகை விளக்குகள் எரியாமல் கிடக்கின்றன. காதலும் செல்வமும் சேரும் இடமாக இந்தக் காட்சியை மையத்தில் வைத்தால் என் வாதம் நிற்குமா?