லைக்லிஹுட்: 'இணக்கம்' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் புள்ளியியலும் தரவு அறிவியலும் நடத்துகிறவன் என்ற முறையில் லைக்லிஹுட் (likelihood), அதாவது கையில் உள்ள தரவை வைத்து ஒவ்வொரு கருதுகோளையும் எடைபோடும் அளவு, என்பதற்கு 'இணக்கம்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். அவற்றுக்கான பதில் கீழே இருக்கிறது. அதற்கு முன், இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆம், இல்லை என்ற முடிவுகளைக் கணிக்கும் லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கின் (logistic regression) கெழுக்களைக் கணிப்பது லைக்லிஹுட்டைப் பெரிதாக்கித்தான். வகைப்படுத்தும் நரம்பு வலையமைப்பைப் பயிற்றும்போது நாம் குறைக்கும் குறுக்கு என்ட்ரோபி இழப்பும் எதிர்க்குறி போட்ட மடக்கை லைக்லிஹுட்தான். இரண்டு மாதிரிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும் அகைக்கேயின் தகவல் அளவைக்குள்ளும் அதுவே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பருவத்தின் முதல் மாதத்தில் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்ட மாணவருக்கு மற்ற பாடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிடிக்காதவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனிச் சூத்திரமாகவே நிற்கும்.

கருத்து என்னவோ எளியதுதான். ஒரு நாணயத்தை 10 முறை சுண்டியதில் 7 தலை விழுந்தது என்று வையுங்கள். தலை விழும் நிகழ்தகவு 0.5 உள்ள நாணயமாக இருந்தால், 7 தலை வருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.117. அது 0.7 உள்ள நாணயமாக இருந்தால் 0.267. 0.3 ஆக இருந்தால் 0.009.

இந்த எண்களை இரண்டு திசையில் பார்க்கலாம். நாணயத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, 0 தலை முதல் 10 தலை வரை எல்லா முடிவுகளின் எண்களையும் கூட்டினால் 1 வரும். இது நிகழ்தகவு. இப்போது திருப்பிப் பாருங்கள். 7 தலை என்ற முடிவை மாற்றாமல் வைத்துக்கொண்டு, நாணயத்தின் பண்பளவையை (parameter, இங்கே தலை விழும் நிகழ்தகவு) 0 முதல் 1 வரை நகர்த்திக்கொண்டே போகலாம். அப்போது கிடைக்கும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பு 1 ஆகாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக 1/11 வரும். இதுதான் லைக்லிஹுட். சூத்திரம் அதேதான், எதை நிறுத்தி வைக்கிறோம், எதை நகர்த்துகிறோம் என்பது மட்டுமே வேறு.

புள்ளியியலாளர் ஃபிஷர் மாணவராக இருந்தபோது 1912இல் எழுதிய முதல் கட்டுரையில் இந்த முறை இருந்தது, ஆனால் இந்தப் பெயர் இல்லை. பேச்சு, தரவிலிருந்து பின்னோக்கிப் போய்க் காரணத்தின் நிகழ்தகவைச் சொல்லும் தலைகீழ் நிகழ்தகவின் நடையில் இருந்தது. 1921இல்தான் இது நிகழ்தகவு அல்ல என்று பிரித்து, லைக்லிஹுட் என்ற சொல்லை இதற்கென்று ஒதுக்கினார். 1922 கட்டுரையில் அதை விரிவாக நிலைநிறுத்தினார். அவர் கையில் எடுத்த சொல்லோ, ஆங்கில அன்றாடப் பேச்சில் நிகழ்தகவுக்குக் கிட்டத்தட்ட ஒருபொருட்சொல். அதனால் ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இன்றுவரை இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழுக்கு அந்தப் பழைய சுமை கிடையாது. தொடக்கத்திலேயே இரண்டு தனிச் சொற்களை வைத்துக்கொள்ளலாம். இதை நாம் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

> நிகழ்தகவு என்றே எழுதிவிடலாம். சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள்.

ஐயா, இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தரவைப் பார்க்குமுன் இருந்த நிகழ்தகவை (முன்), பார்த்த பின் எப்படி மாற்றுவது (பின்) என்று சொல்லும் பேயஸ் தேற்றத்தை இந்தச் சொல்லோடு எழுதிப் பாருங்கள். "பின் நிகழ்தகவு என்பது நிகழ்தகவையும் முன் நிகழ்தகவையும் பெருக்கினால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும்." மூன்று இடத்திலும் நிகழ்தகவு. நடுவில் இருப்பது மற்ற இரண்டின் இனம் அல்ல என்பதுதான் அந்தத் தேற்றத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதே.

விடைத்தாள் திருத்தும்போது இது இன்னும் கடினம். "பண்பளவை 0.7 ஆக இருப்பதற்கான நிகழ்தகவு 0.267" என்று ஒருவர் எழுதியிருந்தால், அது தவறு. 0.267 என்பது, பண்பளவை 0.7 என்று வைத்துக்கொண்டால் 7 தலை விழுவதற்கான எண். ஆனால் எழுதியவருக்குக் கருத்தே புரியவில்லையா, அல்லது புரிந்தும் எழுத வேறு சொல் கிடைக்கவில்லையா? மதிப்பெண் போட வேண்டியவனுக்கு அதைப் பிரித்தறிய வழி இருக்க வேண்டும்.

> சாத்தியக்கூறு?

செய்தித்தாளிலும் இயந்திர மொழிபெயர்ப்பிலும் ஏற்கெனவே இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனாலேயே இது வேண்டாம். நடக்கக்கூடியது, செய்யக்கூடியது, வாய்ப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். தவிர, சாத்தியம் என்பது இனி நடக்கப்போவதைப் பற்றிய பேச்சு. லைக்லிஹுட்டோ நடந்து முடிந்த தரவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது. காலமே மாறிப்போகிறது.

> ஏற்புத்தகவு, நம்புதகவு போன்ற சொற்கள் நிகழ்தகவோடு ஒலியிலும் ஒத்துப்போகும்.

ஒத்துப்போவதுதான் எனக்குச் சிக்கலாகத் தெரிகிறது. 'தகவு' என்று முடிந்தாலே அது 0க்கும் 1க்கும் இடையில் இருக்கும் என்று மாணவர் மனத்தில் பதிந்துவிட்டது. லைக்லிஹுட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உயரம், எடை போன்ற தொடர்ச்சியான மாறிக்கு அது அடர்த்திச் சார்பிலிருந்து (density function) வருகிறது, அதன் மதிப்பு 1ஐத் தாண்டலாம். திட்ட விலக்கம் 0.1 உள்ள இயல்நிலைப் பரவலின் உச்சியில் அடர்த்தி ஏறத்தாழ 3.99. ஆய்வகத்தில் மென்பொருள் மடக்கை லைக்லிஹுட்டை நேர்க்குறியோடு காட்டியதும் "எங்கோ பிழை" என்று கையைத் தூக்குகிற மாணவர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அங்கே பிழை எதுவும் இல்லை, சொல் கொடுத்த எதிர்பார்ப்புதான் தவறு.

அதோடு, ஏற்பு என்றால் கருதுகோளை ஏற்பது, மறுப்பது என்ற சோதனைப் பேச்சோடு மோதும்.

> ஆதரவு என்று ஒருவர் சொன்னது நன்றாக இருந்தது.

எனக்கும் பிடித்திருந்தது. புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் 1972இல் மடக்கை லைக்லிஹுட்டை இந்தப் பொருள் தரும் சப்போர்ட் (support) என்ற சொல்லால்தான் அழைத்தார். ஆனால் சப்போர்ட் என்ற அதே சொல் பரவல் எந்த மதிப்புகளின் மேல் நிற்கிறது என்பதற்கும் வருகிறது, தரவு அகழ்வில் எவை எவை சேர்ந்து வருகின்றன என்று சொல்லும் தொடர்பு விதிகளின் அளவாகவும் வருகிறது. மூன்றும் ஒரே பாடத்திட்டத்தில் இருப்பவை. அந்த நெரிசலில் நான்காவதாக ஒன்றைத் தள்ள வேண்டாம்.

> ஜெர்மனியரும் சுவீடனியரும் லைக்லிஹுட் என்றே எழுதுகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

நியாயமான கேள்வி. வகுப்பில் பேசும்போது நானும் லைக்லிஹுட் என்றுதான் சொல்கிறேன், அதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. ஆனால் கடன் வாங்கிய பெயர்ச்சொல்லுக்கு வினை கிடையாது. "0.7 என்ற மதிப்பு இந்தத் தரவோடு 0.5ஐவிட நன்றாக இணங்குகிறது" என்று ஒரு மாணவர் தன் வாயால் சொல்ல முடிந்தால், கருத்து அவருக்குள் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். இணங்குவது பண்பளவை, எதனோடு என்றால் தரவோடு. யார் நகர்கிறார், யார் நிற்கிறார் என்பது வேற்றுமை உருபிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இப்படி ஒரு வினை இதற்கு அமையவில்லை.

மற்ற மொழிகளையும் பார்த்தேன். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் ரஷ்யனிலும் உள்ள சொற்கள் எல்லாம் 'உண்மை போன்றிருத்தல்' என்ற பொருளில் அமைந்தவை. ஜப்பானியச் சொல் நம்பத்தக்கதாகத் தோன்றுவதன் அளவு என்ற பொருளில் வருகிறது. நிகழ்தகவிலிருந்து இவர்கள் தெளிவாகப் பிரித்துவிட்டார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால் 'உண்மை' என்ற வேரைத் தமிழில் கொண்டுவர நான் விரும்பவில்லை. "இந்த நாணயம் சரியாக இந்த வரிசையில்தான் விழும் என்று முன்பே முடிவாகிவிட்டது" என்று ஒரு கருதுகோளை உருவாக்கினால், அதன் லைக்லிஹுட் 1. அதைவிடப் பெரிதாக எந்தக் கருதுகோளுக்கும் வராது. ஆனால் யாரும் அதை உண்மை என்று நம்பமாட்டோம். குற்ற வழக்கில் ஒரு கதை எல்லாத் தடயங்களோடும் இணங்கிப்போகலாம், அதனாலேயே அது நடந்ததாகிவிடாது. அந்த இடைவெளியை 'இணக்கம்' என்ற சொல் அப்படியே விட்டுவைக்கிறது. இணங்குகிறது என்றுதான் சொல்கிறோம், மெய் என்று சொல்லவில்லை. மாதிரி கையிலுள்ள தரவுக்கு மட்டும் அளவுக்குமீறிப் பொருந்திப்போகும் மிகைப்பொருத்தம் பற்றிப் பின்னால் நடத்தும்போது இந்த இடைவெளி எனக்குக் கண்டிப்பாக வேண்டும்.

இந்தச் சொல்லுக்கு எதிராக என்ன சொல்லலாம் என்றும் யோசித்தேன். மென்பொருள் ஒன்றோடொன்று ஒத்து இயங்குவதையும், விதிகளுக்குக் கட்டுப்படுவதையும் சிலர் இணக்கம் என்று எழுதுகிறார்கள். துறை வேறு என்பதால் மோதல் வராது என்று நினைக்கிறேன். 'பொருத்தம்' என்ற சொல்லோடு நெருக்கமாக இருப்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. மாதிரி தரவுக்கு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதைப் பொருத்தம் என்கிறோம், அதை அளக்கப் பல அளவைகள் உண்டு. இணக்கம் ஒரு குறிப்பிட்ட சார்பின் பெயர். பாடநூலில் முதல் முறை வரும்போதே இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும்.

கூட்டுச்சொற்கள் எப்படி நிற்கின்றன என்று பார்த்தேன். இணக்கச் சார்பு, மடக்கை இணக்கம், மீப்பெரு இணக்க மதிப்பீடு எல்லாம் நாக்கில் இடறவில்லை. கருதுகோள் சோதனைக்காக நெய்மனும் பியர்சனும் 1933இல் நிறுவிய துணைத்தேற்றம் இணக்க விகிதத்தைப் பற்றியது, 1938இல் வில்க்ஸ் காட்டியது அந்த விகிதத்தின் மடக்கையைப் பற்றியது என்று சொல்லும்போது வாக்கியம் தானாக ஓடுகிறது. லைக்லிஹுட்டின் தனி எண்ணுக்குப் பொருள் குறைவு, இரண்டின் விகிதத்துக்குத்தான் பொருள் என்பதும் அங்கேயே வந்துவிடுகிறது. மேலே சொன்ன நாணயத்தில் 0.7க்கும் 0.5க்கும் இடையிலான இணக்க விகிதம் ஏறத்தாழ 2.28. மூன்றாவது பூ விழும்வரை சுண்டுவது என்று முன்பே முடிவுசெய்து, அது பத்தாவது சுண்டலில் விழுந்திருந்தால், சூத்திரத்தின் முன்னால் நிற்கும் மாறிலி (அந்த முடிவு வரக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை) 120க்குப் பதில் 36 ஆகும். விகிதம் மாறாது.

புள்ளியியலாளர் காக்ஸ் 1975இல் பார்ஷியல் லைக்லிஹுட் (partial likelihood) என்று பெயரிட்டது பகுதி இணக்கம் ஆகும். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

ஒரு வேண்டுகோள். பண்பளவை என்று தமிழகத்திலும் பரமானம் என்று இலங்கையிலும் ஒரே கருத்துக்கு இரண்டு சொற்கள் ஏற்கெனவே நடக்கின்றன. இரண்டு பக்கமும் நிகழ்தகவு மட்டும் ஒன்றாக அமைந்தது நம் நல்ல நேரம். லைக்லிஹுட்டுக்கு எந்தச் சொல்லை முடிவுசெய்தாலும், இலங்கையில் பாடம் நடத்தும் நண்பர்களின் கருத்தைக் கேட்ட பிறகு முடிவுசெய்வோம்.

எனக்கு இன்னும் விடை கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது. புள்ளியியலாளர் வெட்டர்பர்ன் 1974இல் குவாசி லைக்லிஹுட் (quasi-likelihood) என்றார், அடுத்த ஆண்டு இன்னொரு புள்ளியியலாளர் பெசாக் சூடோ லைக்லிஹுட் (pseudo-likelihood) என்றார். இரண்டும் வேறு வேறு. முதலாவதில் பரவலை முழுதாகச் சொல்லாமல் சராசரிக்கும் மாறுபாட்டுக்கும் உள்ள உறவை மட்டும் சொல்கிறோம். இரண்டாவதில் அண்டைப் புள்ளிகளை வைத்துக் கிடைக்கும் நிபந்தனை நிகழ்தகவுகளைப் பெருக்குகிறோம். தமிழில் இரண்டு முன்னொட்டுக்கும் 'போலி' என்றே கைபோகிறது. பெசாக்கினுடையதைப் போலி இணக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். வெட்டர்பர்னுடையது போலி அல்ல, குறைந்த தகவலிலிருந்து கட்டியெழுப்பிய ஒன்று. 'அரை இணக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், பாதி என்று பொருள்பட்டுவிடுகிறது. 'நிகர்' என்றால் கழித்தது போக மீதி என்ற பொருள் குறுக்கே வருகிறது. உங்களில் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். அடுத்த பருவத்தின் பாடக்குறிப்பில் மற்ற எல்லா இடத்திலும் 'இணக்கம்' போட்டுவிட்டேன், குவாசி மட்டும் குவாசியாகவே இருக்கிறது.

அன்புடன்.