டிஃபால்ட் கேட்வே: ‘முன்னிருப்பு நுழைவாயில்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

யூனிக்ஸ் வலையமைப்புக் கையேட்டின் வரைவில் ‘டிஃபால்ட் கேட்வே’ (நம் வலையிலிருந்து வெளியே போக உதவும் திசைவி, அதாவது ரௌட்டர்) ‘முன்னிருப்பு நுழைவாயில்’ என்று வந்திருக்கிறது. இரண்டு சொல்லுமே இடறுகின்றன.

முன்னிருப்பு என்றால் நாம் கைவைக்காதபோது தானாக இருப்பது. டிஎச்சிபியை (முகவரிகளைத் தானாக வழங்கும் ஏற்பாட்டை) நிறுத்திவிட்டுக் கையால் அமைக்கும்போது நிலைமை தலைகீழ். 192.168.1.25 என்ற முகவரியையும் 255.255.255.0 என்ற நெட்மாஸ்க்கையும் (முகவரியில் வலைக்குரிய பகுதி எது என்று காட்டும் எண்) கொடுத்தபின், 192.168.1.1 என்று நாமே எழுதினால்தான் கேட்வே உண்டு. எழுதாவிட்டால் பக்கத்துக் கணினியோடு பேசலாம், அதற்கு அப்பால் எதுவும் எட்டாது.

இங்கே ‘டிஃபால்ட்’ குறிப்பது வேறு. வழித்தட அட்டவணையில் (எந்த வலைக்கு எவ்வழி என்ற பட்டியலில்) 10.8.0.0/16 வலைக்கு, அதாவது 10.8 என்று தொடங்கும் முகவரிகளுக்கு, 192.168.1.2 வழியாகப் போகும்படி ஒரு வரி இருந்தால், 10.8.3.4 முகவரிக்கான பொட்டலம் (தரவுத் துண்டு) அவ்வழியே போகும். தனி வரி இல்லாதவை எல்லாம், எந்த முகவரிக்கும் பொருந்தும் 0.0.0.0/0 வரிக்கு வந்து சேரும். இலக்கணம் படித்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான்: சிறப்புவிதி இருக்குமிடத்தில் பொதுவிதி ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே அந்த வரி ‘பொதுவழி’. அந்த வழியில் நிற்கும் திசைவி ‘பொதுவாயில்’.

‘நுழைவு’ எதற்கு? பொட்டலம் வெளியே போவதும் அதே வாசல் வழியாகத்தானே. ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் கேட்வேயின் முகவரியை எழுதிவைக்கும் கோப்பின் பெயர் ‘மைகேட்’. அதில் டிஃபால்டும் இல்லை, நுழைவும் இல்லை.

இந்தக் குழுவில் முன்வைக்கப்பட்ட ‘கடைவாயில்’ எனக்கும் பிடித்திருந்தது. கடை என்பதற்கு இறுதி, வாசல் என்ற இரு பொருளும் உண்டு. ஆனால் படிப்பவர் வெற்றிலை அடக்கிய கடைவாயைத்தான் நினைப்பார். ‘புறனடை வழி’ பொருளளவில் இன்னும் நெருக்கம்: சொல்லாமல் விட்டவற்றை அடக்கும் சூத்திரம்தானே புறனடை. ஆயினும் இலங்கையில் ‘புறநடை’ விதிவிலக்கைக் குறிக்கிறது. அங்குள்ள வாசகருக்கு நேர்மாறான பொருள் போய்ச் சேரும்.

பொது என்றால் ‘பப்ளிக்’ ஐபியோடு (இணையத்தில் வெளியே தெரியும் முகவரியோடு) குழம்பாதா என்ற கேள்வி நியாயமானது. பப்ளிக் ஐபியை ‘வெளிமுகவரி’ என்று மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெட்மாஸ்க்கை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன். ‘வலைமுகமூடி’யை மட்டும் அடித்துவிட்டேன், முகவரியில் வலைக்குரிய பகுதி எது, கணினிக்குரிய பகுதி எது என்று பிரித்துக் காட்டுவதற்கு முகமூடி எதற்கு?