ரோட்டரி இல்லாத வைஸ் வாங்கினால் காசு தண்டமா?

இரும்புத்தாடை:
ஃபிளை (தூண்டில் முள்ளில் இறகு, நூல் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி) கட்டப் பழகும் ஒரு புதியவர், முதல் வைஸ் (முள்ளைத் தாடையில் கவ்விப் பிடிக்கும் கருவி) எதை வாங்கலாம் என்று பணிவாகக் கேட்டிருந்தார். சுழல்மன்னன் வந்து, "ரோட்டரி இல்லாத வைஸ் காசு தண்டம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். ரோட்டரி என்றால் மாட்டிய முள்ளோடு தாடையைச் சுழற்றக்கூடிய வகை. காரணம் கிடையாது, விளக்கம் கிடையாது.

வைஸின் வேலை முள்ளைப் பிடிப்பது. மற்றதெல்லாம் அலங்காரம். வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை போதும். முள்ளின் வளைவைத் தாடையில் மாட்டுங்கள், முள்ளின் கண் (நரம்பு கோக்கும் துளை) பக்கம் விரலை வைத்துக் கீழே அழுத்துங்கள். கம்பி வளையலாம், முள் நழுவக் கூடாது. நழுவினால் அந்த வைஸ் சுழன்று என்ன, பரதநாட்டியமே ஆடி என்ன?

சுழல்மன்னன்:
என் பெயரைப் போட்டுத் தனி விவாதத் திரியே தொடங்கியாச்சா? மிக்க மகிழ்ச்சி.

ஹேக்கிள் இறகை முள்ளின் தண்டு நீளத்துக்கும் சீராகச் சுற்ற வேண்டுமென்றால் இறகை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் வைஸைத் திருப்பினால் போதும். டின்சல் (மினுமினுப்பு இழை), ஃபிளாஸ் (பட்டுபோன்ற இழை) எல்லாம் இடைவெளி பிசகாமல் படியும். ஃபிளையின் அடிவயிறு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கழுத்தைத் திருக வேண்டாம். இதெல்லாம் அலங்காரம் என்றால் உங்களுக்கு வைஸே எதற்கு, பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ளலாமே!

வெறுங்கை:
வைஸே வேண்டாம்தான். அமெரிக்காவின் பிரபல ஃபிளை மீன்பிடிப்பாளர் லீ உல்ஃப் முள்ளை விரலில் பிடித்தே ஃபிளை கட்டியவர். 28 சைஸ் என்ற குட்டி முள்ளில்கூட. நீங்கள் தாடைக்கும் சுழற்சிக்கும் அடித்துக்கொள்கிறீர்கள்.

இரும்புத்தாடை:
வெறுங்கை ஐயா, எந்தத் திரியைத் திறந்தாலும் லீ உல்ஃபைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அவர் விரல் உங்களிடம் இருக்கிறதா?

சுழல்மன்னனுக்கு: எட்டு வரி எழுதியிருக்கிறீர்கள், நான் கேட்டதற்குப் பதில் இல்லை. உங்கள் வைஸில் முள் நழுவுகிறதா இல்லையா?

மெல்லிழை:
ஒரு சின்னத் திருத்தம். எந்த முள்ளை வைத்து அழுத்துகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே? உலர் ஃபிளைக்கான (நீர்மேல் மிதக்கும் வகை) மெல்லிய கம்பி முள் என்றால் எந்த வைஸிலும் நழுவுவதற்கு முன்னால் வளைந்துவிடும். அதனால் ஒன்றும் நிரூபணமாகாது. 2/0 மாதிரி தடித்த கடல்மீன் முள்ளை வைத்து அழுத்தினால்தான் தாடையின் பலம் தெரியும். அப்புறம் இன்னொன்று: ரோட்டரி என்று எதைச் சொல்கிறோம்? தாடை மட்டும் திரும்பி, முள் வட்டமடிப்பதையா? முள்ளின் தண்டே சுழல் அச்சில் நின்று சுழலும் ட்ரூ ரோட்டரியையா? இரண்டும் வேறு.

இரும்புத்தாடை:
எந்த ரோட்டரியாக இருந்தால் என்ன? முள் நழுவுகிறதா என்பதுதான் கேள்வி.

மெல்லிய முள் வளைந்துவிடும் என்கிறீர்கள். வளையட்டும்! நழுவாமல் வளைந்தால் தாடை பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் ரீகல் கம்பெனி வைஸ் வைத்திருக்கிறேன். நெம்பை அமுக்கினால் தாடை திறக்கும், விட்டால் ஸ்பிரிங் தானே மூடிக்கொள்ளும். முள்ளுக்கு முள் திருகாணியைத் திருகிச் சரிபார்க்கும் வேலையே இல்லை. சின்ன முள், பெரிய முள் எதை மாட்டினாலும் அசையாது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

சுழல்மன்னன்:
சின்ன முள்ளா? அந்தத் தடித்த தாடையில் 22 சைஸ் முள்ளை மாட்டிவிட்டு நூல் சுற்ற இடம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். முள்ளே கண்ணுக்குத் தெரியாது. பின்னால் விரல் போகாது. கூர்மையான தாடை உள்ள ரென்செட்டி கம்பெனி வைஸில் கட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரும்புத்தாடை:
கூர்மையான தாடையில் 2/0 முள்ளை மாட்டி அழுத்திப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

சுழல்மன்னன்:
நான் 2/0 முள்ளில் கட்டுவதே இல்லை. எதற்கு அழுத்த வேண்டும்?

இரும்புத்தாடை:
அதாவது அழுத்திப் பார்க்கவில்லை. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

மெல்லிழை:
கேம் நெம்பு (மடக்கினால் தாடையை இறுக்கும் கைப்பிடி) உள்ள வைஸில் கம்பித் தடிமன் மாறும்போது முதலில் திருகாணியைச் சரிசெய்துவிட்டுத்தான் நெம்பை மூட வேண்டும். பாதிப்பேர் அதைச் செய்யாமல் வைஸைத் திட்டுகிறார்கள். முள்ளின் கூர்முனையையும் பார்பையும் (கூர்முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்) தாடைக்குள் திணிப்பவர்கள் தனி ரகம். அங்கே அழுத்தம் விழுந்தால் முள்ளில் மயிரிழை விரிசல் விடும், பிறகு மீன் இழுக்கும்போது முறியும். வளைவின் அடிப்பகுதியை மட்டும் பிடித்தால் போதும்.

வெறுங்கை:
விரலில் பிடித்தால் விரிசல் வராது.

சுழல்மன்னன்:
இரும்புத்தாடை முன்பு போட்டிருந்த படத்தில் முள்ளின் கூர் முழுக்கத் தாடைக்குள்தான் இருந்தது. சும்மா நினைவுபடுத்தினேன்.

இரும்புத்தாடை:
அந்தப் படம் நூல் நிறத்தைக் காட்டப் போட்டது. அதில் கூர்முனையைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். போன முறை தலைமுடிச்சு (ஃபிளையின் தலையில் நூலை முடிக்கும் முடிச்சு) விவாதத்தில் தோற்றதை இன்னும் மறக்கவில்லை போல.

சுழல்மன்னன்:
தோற்றேனா? அந்த முடிச்சுப் போடும் விப் ஃபினிஷ் கருவி இல்லாமல் கையால் முடிச்சுப் போடுவேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனது யார்?

கம்பளிப்பூச்சி:
ரோட்டரியின் உண்மையான பயனை யாருமே சொல்லவில்லை. நிற்கும் முள்ளைச் சுற்றிப் பாபினை (நூல்கண்டைப் பிடிக்கும் கருவி) கொண்டுபோகும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் முறுக்கு ஏறும். முள்ளையே சுழற்றினால் ஏறாது. நூல் தட்டையாகப் படியும்.

இரும்புத்தாடை:
பாபினைத் தொங்கவிட்டு இடஞ்சுழியாக ஒரு சுண்டு சுண்டினால் முறுக்கு அவிழ்ந்துவிடும். இதற்காக ஒரு வைஸா? அதோடு ரோட்டரி வைத்திருப்பவர்களும் நூலை வைஸைச் சுழற்றியா சுற்றுகிறார்கள்? எல்லோரும் கையால்தான். ஃபிளையின் உடம்பு கட்டும்போது நான்கு சுற்று சுழற்றுவார்கள், அதற்கும் பாபினைத் தாங்கித் தண்டுக்கு நேராக நிறுத்த முன்னால் ஒரு தனிக் கொக்கி வேண்டும். மீதி நேரம் பூட்டு திருகாணியை இறுக்கி வைத்திருப்பார்கள். பூட்டி வைத்த ரோட்டரிக்குப் பெயர் என்ன? சாதா வைஸ்!

கம்பளிப்பூச்சி:
என் வைஸில் பூட்டு திருகாணியை நான் தொடுவதே இல்லை.

இரும்புத்தாடை:
சரி. முள் நழுவுகிறதா?

புதுவரவு:
வணக்கம், கேள்வி கேட்டது நான்தான். மேசை விளிம்பில் கவ்வும் கிளாம்ப் நல்லதா, கனமான தட்டு அடியோடு வருவது நல்லதா என்று மட்டும் யாராவது சொல்ல முடியுமா?

சுழல்மன்னன்:
தட்டு அடி. எங்கு வேண்டுமானாலும் வைத்துக் கட்டலாம். உங்கள் மேசைப் பலகை தடிமனாக இருந்தால் கிளாம்ப் வாய்க்குள் போகவே போகாது.

இரும்புத்தாடை:
கிளாம்ப். மான் முடியைக் கட்டி நூலை இறுக்கும்போது லேசான தட்டு என்றால் வைஸ் மொத்தமும் உங்களை நோக்கி நகர்ந்து வரும். கிளாம்பில் உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். தட்டு அடியை சிபாரிசு செய்தவர் மான் முடி கட்டியதே இல்லை என்று எனக்கு வலுவான சந்தேகம்.

சுழல்மன்னன்:
மான் முடி கட்டி, வைஸைச் சுழற்றிச் சுழற்றிக் கத்தரித்து, உருண்டையாக்கிப் படம் போட்டேன். அதற்கு நீங்கள் போட்ட கருத்து "பரவாயில்லை" என்ற ஒரே சொல். மறந்துவிட்டதா?

இரும்புத்தாடை:
மறக்கவில்லை. பரவாயில்லை என்பதே தாராளம். இடது பக்கம் மொட்டையாக இருந்தது.

மெல்லிழை:
புதுவரவு, நீங்கள் எந்த சைஸ் முள்ளில் கட்டப் போகிறீர்கள்? அதைச் சொன்னால் தாடையைப் பற்றிப் பேசலாம்.

வெறுங்கை:
அவசரப்பட்டு எதுவும் வாங்காதீர்கள் தம்பி. முதலில் விரலில் பிடித்துப் பழகுங்கள்.

சுழல்மன்னன்:
இடது பக்கம் மொட்டையா? வெளிச்சம் அந்தப் பக்கத்தில் இருந்து விழுந்தது! அதே படத்தை மறுபடியும் போடுகிறேன், இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

இரும்புத்தாடை:
போடுங்கள். கூடவே 2/0 முள்ளை மாட்டிய படத்தையும் போடுங்கள்.