வால்வு ஆம்பில் பேஸ் ரெக்கார்டிங்: ஹம், பயாஸ், மைக் தூரம்

கிதார் ட்ராக்கில் ஹம் (கரண்டிலிருந்து வரும் உம்மென்ற இரைச்சல்) இருந்தால் மிக்ஸிங்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டித் தள்ளிவிடலாம். பேஸுக்கு அந்த இடம்தான் குடியிருப்பே. திறந்த ஈ ஸ்ட்ரிங் 41.2 ஹெர்ட்ஸ், அதே ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். நம் ஊர் கரண்ட் 50. ஜி ஸ்கேல் பாட்டில் நீளமான நோட்டைப் பிடித்தால் ஹம்மோடு மோதி நொடிக்கு ஒருமுறை சத்தம் ஏறி இறங்கும். வாசிக்கிறவரின் கையைக் குறை சொல்லும்முன் ஆம்பைப் பாருங்கள்.

ஹம் 50-ஆ, 100-ஆ என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டியூனரில் கண்டுபிடிக்க முடியாது. இரண்டுக்கும் ஜி என்றுதான் காட்டும், ஏறக்குறைய 35 சென்ட் கூடுதலாக. ரெக்கார்டிங் மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் போட்டுப் பாருங்கள். 50 தூக்கலாக இருந்தால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் சுற்று) வயரிங், எர்த் லூப், அல்லது பவர் ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தைப் பிக்கப் வாங்குகிறது. 100 தூக்கலாக இருந்தால் முதலில் ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள், அடுத்து பவர் வால்வு ஜோடி ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதை.

வால்யூமை சைபருக்கு இறக்கியும் ஹம் அப்படியே நின்றால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால். இறக்கியதும் நின்றால் முன்னால். ஹீட்டர் சுற்றில் சென்டர் டேப் இல்லாத ஆம்பில், இரண்டு பக்கத்திலிருந்தும் சேஸிக்கு (ஆம்பின் உலோகச் சட்டம்) ஆளுக்கொரு 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் போட்டாலே பெருமளவு அடங்கும். ஹீட்டர் வயர் இரண்டும் இறுக்க முறுக்கி, சேஸியின் மூலையோடு ஒட்டிப் போக வேண்டும். கிரிட் வயருக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டிருந்தால் ரெசிஸ்டர் ஒன்றும் செய்யாது.

ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இரண்டு வால்யூமும் முழுதாக இருக்கும்போது இரண்டு பிக்கப்பும் ஒன்றின் ஹம்மை ஒன்று அடித்துக்கொள்ளும். ஒன்றைக் கொஞ்சம் இறக்கினாலும் ஹம் திரும்பிவிடும். அது ஆம்ப் கோளாறு அல்ல.

*

மேலே சொன்ன பவர் வால்வு ஜோடி விஷயத்தைத் தொடர்கிறேன். பயாஸ் (வாசிக்காதபோதும் வால்வில் ஓடும் கரண்டின் அளவு) பார்க்காமல் வால்வு மாற்றுவதுதான் ரிப்பேர் மேசைக்கு வரும் பாதி ஆம்ப்களின் கதை.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை: ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபில்டர் கெப்பாசிட்டரின் பாசிட்டிவுக்கும் சேஸிக்கும் நடுவே 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கிளிப் வயரில் மாட்டிப் பத்து விநாடி விடுங்கள். அப்புறம் மீட்டர் வைத்து உறுதிசெய்யுங்கள். அணைத்து வெகு நேரமானாலும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஸ்க்ரூ ட்ரைவரால் ஷார்ட் பண்ணும் பழக்கம் வேண்டாம், கெப்பாசிட்டரும் கெடும், கண்ணும் போகும்.

ஒவ்வொரு பவர் வால்வின் கேத்தோடுக்கும் (6எல்6, 6550 இரண்டிலும் 8-ஆம் பின்) சேஸிக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். மீட்டரில் வரும் மில்லி வோல்ட்தான் மில்லி ஆம்பியர். கணக்கு இப்படி: 6எல்6ஜிசியின் ப்ளேட் தாங்குவது 30 வாட், அதில் 70 சதவீதம் 21 வாட். ப்ளேட்டில் 450 வோல்ட் இருந்தால் 21-ஐ 450-ஆல் வகுக்க 46 மில்லி ஆம்பியர் சொச்சம். அது உச்ச வரம்பு. கேத்தோடு அளவில் ஸ்க்ரீன் கரண்டும் சேர்ந்திருக்கும். ரெக்கார்டிங்குக்கு 40 பக்கத்தில் வைத்தால் சத்தத்தில் குறை தெரியாது, வால்வும் நாள்பட உழைக்கும்.

ப்ளேட் சிவந்து எரிகிறதா? புது வால்வு வாங்க ஓடாதீர்கள். பவர் வால்வுகளைக் கழற்றி, ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலைக்குத் திருப்பி, 5-ஆம் பின்னில் (பயாஸ் வோல்ட் வரும் கிரிட்) அளந்து பாருங்கள். பயாஸ் சப்ளையில் மைனஸ் 45 இருந்து, பின்னில் மைனஸ் 30 வந்தால் நடுவில் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது. 0.1 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போடுங்கள், சில ரூபாய் சமாச்சாரம். அதை விட்டுவிட்டு எத்தனை ஜோடி வால்வு போட்டாலும் எரியும்.

*

பழைய அமெரிக்க ஆம்ப் வரவழைக்கிறவர்களுக்கு. 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் அது. ஸ்டெப் டவுன் போட்டால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. அதே வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் கோரில் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடும். சிக்கனமாகச் சுற்றியதாக இருந்தால் சூடேறி உறுமத் தொடங்கும். அந்த உறுமலை மைக் நேராக வாங்கிக்கொள்ளும். 117-க்குப் பதில் 110 கொடுங்கள். அதற்கும் கீழே இறக்க ஆசைப்பட்டால் ஹீட்டரை அளந்துகொண்டே இறக்குங்கள். 6.3 வோல்ட்டுக்கு 10 சதவீதம் முன்பின் போகலாம், அதாவது 5.7-க்குக் கீழே விடக்கூடாது.

இரண்டு பின் ப்ளக்கோடு வந்திருந்தால் மெயின்ஸிலிருந்து சேஸிக்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், டெத் கேப் என்றே பெயர். அது ஷார்ட் ஆனால் சேஸி, அதன் வழியாக உங்கள் ஸ்ட்ரிங் எல்லாம் மெயின்ஸ். வெட்டி எடுத்துவிட்டு மூன்று கோர் வயர் போட்டு, எர்த்தைத் தனி போல்ட்டில் சேஸியோடு முடுக்குங்கள். பெயருக்கு ஏற்றபடி நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பில் வாசிக்கவே கூடாது. ட்ரான்சிஸ்டர் ஆம்ப் பழக்கத்தில் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொள்ளலாம் என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிடுகிறார்கள். லோடு இல்லாதபோது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்ட் தாறுமாறாக ஏறி, சாக்கெட்டில் பொறி பறக்கும், சுற்றின் இன்சுலேஷன் துளைபடும். ஒரு லோ ஈயை அழுத்தி அடித்தால் போதும். ஸ்பீக்கருக்குக் கிதார் கேபிளைச் செருகுவதும் அதே வம்புதான், மெல்லிய கோர் அறுந்தால் லோடு போயிற்று.

*

ரெக்கார்டிங்குக்கு எந்த வால்வு ஆம்ப் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு. ஆம்பெக் எஸ்விடி 1969-இல் வந்தது: 300 வாட், 14 வால்வு, பெரிய மேடைக்காகச் செய்தது. சின்ன ரூமில் அதை உழைக்க விடவே முடியாது, வால்வு மாற்றினால் ஆறு 6550 சேர்த்து வாங்க வேண்டும். ரெக்கார்டிங்குக்கு 1960-இல் வந்த ஆம்பெக் பி-15 வகைதான் என் தேர்வு. ஒரு ஜோடி 6எல்6, ஏறக்குறைய 25 வாட், ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர். ஆனால் மோட்டவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் சத்தம் வேண்டும் என்று அதை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மோட்டவுன் ஸ்டூடியோவில் அவர் பேஸ் பெரும்பாலும் நேராகக் கன்சோலில்தான் போனது. அந்தச் சத்தத்தில் பாதி ஃபெண்டர் ப்ரெசிஷன் பேஸும் மாற்றாத பழைய ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்கும், மீதி அவர் விரல்.

டிஐ (பேஸிலிருந்து நேராக எடுக்கும் சிக்னல்), மைக் இரண்டையும் ஒன்றாக எடுக்கிறீர்களா? ஸ்பீக்கரிலிருந்து 30 சென்டிமீட்டரில் மைக் வைத்தால் சத்தம் 0.87 மில்லி செகண்ட் தாமதமாக வரும். 48 கிலோ ஹெர்ட்ஸில் அது 42 சாம்பிள். அப்படியே கலந்தால் 570 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குழி விழும், சத்தம் மூக்கடைத்த மாதிரி இருக்கும். மைக் ட்ராக்கின் போலாரிட்டியைத் தலைகீழாக்கி, இரண்டின் லெவலையும் சமமாக்கி, ட்ராக்கைச் சாம்பிள் சாம்பிளாக முன்னால் நகர்த்துங்கள். சத்தம் எங்கே மிக மெலிந்து போகிறதோ அதுதான் இடம். அங்கே நிறுத்திப் போலாரிட்டியைத் திருப்புங்கள். அடி கனத்துடன் எழும்.

அப்படியும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுதாகப் பொருந்தாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் பெட்டியும் அங்கே ஃபேஸைத் திருப்பும். அதனால் மைக்கை 80-இல் ஹைபாஸ் செய்துவிட்டு, அடிப்பகுதியை டிஐயிடம் விடுங்கள். வால்வின் உறுமல் எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது.

ஆம்ப் ஹெட்டை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைக்காமல் தரையில் இறக்குவதும் நல்லது. நோட் அடிக்கும்போதெல்லாம் கூடவே கண்ணாடி அதிர்வது போல ஒரு சத்தம் வந்தால், பென்சிலால் ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7-ஐயும் (சின்ன ப்ரீஆம்ப் வால்வு) மெல்லத் தட்டுங்கள். மணி மாதிரி ஒலிப்பது எதுவோ அதை மாற்றுங்கள். எல்லாமே கொஞ்சம் ஒலிக்கும், ஒன்று மட்டும் தனியாகத் தெரியும்.

*

கஸ்டம் பேஸ் செய்கிறவர்களுக்கு மட்டும். 34 இன்ச் ஸ்கேல் என்றால் 863.6 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் 48.47. ஐந்தாவது 216.63, ஏழாவது 287.22, பன்னிரண்டாவது 431.8. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து கோடு போடுங்கள். ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு அளந்தால் கால் மில்லிமீட்டர் பிழை பன்னிரண்டாவதற்குள் மூன்று மில்லிமீட்டர் ஆகிவிடும், எந்த பிரிட்ஜாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரம் நல்லது, நெருக்கமானது. பழைய ஜன்னல், கட்டில் சட்டத்தில் கிடைத்தாலும் ஆணித் துளை பார்த்து வாங்குங்கள். ஈட்டி அடங்கிய டல்பெர்ஜியா பேரினம், முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ரோஸ்வுட் தவிர, 2017 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. முடித்த இசைக்கருவிக்கு 2019-இல் விலக்கு வந்தது, வெறும் பலகைக்கு இல்லை.

ரெக்கார்டிங்கில் மாட்டிக்கொடுப்பது டெட் ஸ்பாட். ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஒரு நோட் மட்டும் சட்டென்று செத்துப்போகும். கழுத்து அந்தச் சுருதியில் தானே அதிர்ந்து சக்தியைத் தின்கிறது. ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன ஜி-கிளாம்பை மாட்டி வாசித்துப் பாருங்கள், செத்த இடம் ஒரு ஃப்ரெட் நகரும். நகர்ந்தால் ஸ்ட்ரிங்கை முறுக்கும் டியூனிங் கீயைக் கனமானதாகப் போடுவதா, பாட்டின் ஸ்கேலைப் பார்த்துக் கிளாம்போடேயே எடுத்துவிடுவதா என்பது உங்கள் விருப்பம். டேக் எடுக்கும் அன்று பலரும் கிளாம்பைத்தான் விட்டுவைக்கிறார்கள்.