ஹோட்டல், சுற்றுலாத் துறையில் இருப்பவர்களிடம் ஓர் உதவி

வணக்கம் நண்பர்களே. என் தங்கை பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க ஆசைப்படுகிறாள். யாரோடும் இயல்பாகப் பழகுவாள், அதனால் எனக்கும் சம்மதம்தான்.

ரிசப்ஷன் அடங்கிய ஃப்ரன்ட் ஆபீஸ், அறைகளைச் சுத்தமாக வைக்கும் ஹவுஸ்கீப்பிங், உணவு பரிமாறும் பிரிவு, சமையலறை இவைதான் முக்கியப் பிரிவுகள் என்று தெரியும். ஆனால் விருந்தினர் கண்ணில் படாத வேலைகளும் நிறைய இருக்கின்றன. அன்றைய கணக்கை இரவில் சரிபார்த்து முடிக்கும் நைட் ஆடிட், தேவைக்கேற்ப அறை வாடகையை ஏற்றி இறக்கும் ரெவின்யூ மேனேஜ்மென்ட் மாதிரி. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், ரெவின்யூ பக்கம் போனால் பொருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் படித்தவுடன் நேராகச் சேர முடியுமா? இல்லை, சில வருடம் ரிசப்ஷனில் வேலை பார்த்த பிறகுதானா?

அப்புறம், டிராவல் ஏஜென்சி வேலைக்கு அமேடியஸ், சேபர் போன்ற முன்பதிவு மென்பொருள்களைத் தனியாகக் கற்க வேண்டுமா?

ஷிப்ட் வேலை, பண்டிகை நாளிலும் டியூட்டி, மணிக்கணக்காக நிற்பது எல்லாவற்றையும் சேரும் முன்பே அவள் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பாக இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்கள், பாதுகாப்பு, போக்குவரத்து பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அவளிடம் அப்படியே காட்டப் போகிறேன்.