பார்டர் எங்கே இருக்கிறது? செங்கோட்டை அனுபவங்களைச் சொல்லுங்கள்

சாரல்வாசி:

போன ஆனியில் சென்னையிலிருந்து வந்த நண்பரைக் குற்றாலத்தில் குளிக்க வைத்துவிட்டு, சாயங்காலம் பிரானூருக்குப் புரோட்டா சாப்பிடக் கூட்டிப்போனேன். உள்ளங்கையளவு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி, பக்கத்தில் நாட்டுக்கோழி, காடை. மனிதர் பேசவே இல்லை. கை கழுவிவிட்டு வந்து சாலையோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "பார்டர் கடை, பார்டர் கடைன்னு சொன்னீங்களே, கேரளா எந்தப் பக்கம்?" என்றார்.

அட, நியாயமான கேள்விதானே. கேரள எல்லைக்குப் போக அங்கிருந்து செங்கோட்டையைத் தாண்டி, புளியரையைத் தாண்டி, மலையும் ஏற வேண்டும். பிரானூரில் எல்லை என்று ஒன்றுமே இல்லை. ஆனால் 1956 அக்டோபர் 31 வரை இருந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்துக் கிழக்கு மூலை. 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். மறுநாள், நவம்பர் 1-ல், குமரி மாவட்டத்தின் நான்கு தாலுகாக்களோடு செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்து திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டம். தாலுகா முழுசாக வரவில்லை. ஆரியங்காவுப் பக்கத்துக் காடு கேரளாவோடு நின்றுவிட்டது. ஆக எல்லை மலைமேல் ஏறிப்போய் எழுபது வருஷம் ஆகப்போகிறது. பெயர் மட்டும் புரோட்டாக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

ஊருக்குள் நுழையும் இடத்தில் பழைய வளைவு நிற்கிறதே, துவாரபாலகரும் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரையுமாக, அதையும் நண்பருக்குக் காட்டினேன். நாங்கள் தினமும் அதன் வழியாகப் போய் வருகிறோம், நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்த ஊரையும், இதன் வழியாக மலையேறும் சாலையையும் பற்றி உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். பள்ளிப் புத்தகத்தில் இருப்பது வேண்டாம்.

கணக்கு டீச்சர்:

நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்து, பாளையங்கோட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் ஆச்சி கடைசிவரை சக்கரக் கணக்கை விடவில்லை. காய்கறி விலை சொன்னால், "அப்போ எத்தனை சக்கரம்?" என்பார். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். ஆனால் தென்காசிச் சந்தைக்குப் போனால் அங்கே பிரிட்டிஷ் ரூபாய், அதற்கு இருபத்தெட்டரைச் சக்கரம். இந்த அரைச் சக்கரத்தில் ஏமாந்துவிடக் கூடாது என்று ஆச்சிக்குச் சின்ன வயதிலேயே மனக்கணக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஐந்து மைல் நடந்தால் பணம் மாறிவிடும் ஊர்! எனக்குக் கணக்கு வந்தது எங்கிருந்து என்று இப்போது புரிந்திருக்கும்.

வாஞ்சிநாதனைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரே கேள்வி கேட்பார்கள். செங்கோட்டைக்காரர் ஏன் புனலூர்க் காட்டிலாகாவில் வேலை பார்த்தார், அது கேரளா ஆச்சே என்று. அவருக்கு அது வேற்று மாநிலம் இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்த நாடு. 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷைச் சுடுவதற்கு அவர் போன மணியாச்சிதான் அன்றைய கணக்குப்படி அடுத்த நாடு. வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினால்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

ஒரு உதவியும் வேண்டும். தம்பி வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று கிடைத்தது. முழுக்க மலையாள எழுத்து. மேலே 1098 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு என் பேரன் சோழர் காலத்துப் பத்திரம் என்று குதிக்கிறான். அது மலையாளத்துக் கொல்லம் ஆண்டு என்று சொன்னேன், அவனுக்கு ஏமாற்றம். படம் போட்டிருக்கிறேன், யாராவது படித்துச் சொல்லுங்கள்.

பத்து வீல்:

டீச்சர் சொன்ன சக்கரம் வேறு, நான் ஓட்டின சக்கரம் வேறு. இருபத்திரண்டு வருஷம் பாவூர்ச்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றிக்கொண்டு கொல்லம், கொட்டாரக்கரை போய் வந்தவன். திரும்பும்போது பிரானூர் மில்லுக்கு மரத்தடி. இப்போது முதுகு விட்டுவிட்டது, வீட்டில் இருக்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரைக்கும் போகிற அந்தச் சாலைக்கு முன்னே 208 என்று நம்பர், இப்போது 744. ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று செங்கோட்டை வரைக்கும் தரை ரோடு. அதுவரை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். புளியரையில்தான் டிரைவர் யாரென்று தெரியும். நம் பக்கம் மலை சட்டென்று ஏறிவிடும், அதில்தான் எஸ் வளைவு. அந்தப் பக்கம் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று ஆற்றோடு நீளமாக, சாவகாசமாக இறங்கும். புதுப் பையன்கள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுவார்கள். சரக்கோடு கேரளாவிலிருந்து திரும்பி, தூக்கத்தோடு, இந்தச் சின்ன இறக்கத்தில் இறங்கும்போதுதான் காரியம் கெடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி ஒரே ஒரு பாடம் சொன்னார்: "எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்லயே இறங்குலே, பிரேக்கை நம்பாதே."

ஒரு ஆடி மாதம், ராத்திரி பதினொன்றரை இருக்கும். சாரல் என்றால் குற்றாலத்துச் சாரலை நினைக்காதீர்கள். கணவாய் வழியாகக் காற்று மழையைப் படுக்கப்போட்டு அடிக்கும், வைப்பர் போட்டும் பிரயோஜனம் கிடையாது. எனக்கு முன்னே வைக்கோல் லாரி ஒன்று. வைக்கோல் ஈரத்தை இழுக்க இழுக்கக் கனத்துக்கொண்டே போகுமே. எஸ் வளைவில் பாதி திரும்பினது, பின் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. மெல்லச் சாய்ந்து பாறைச் சுவரில் தோளை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. மனிதர் சாய்ந்து நிற்பது மாதிரியே. யாருக்கும் அடி இல்லை. ஆனால் மேலே போகிற வழியும் போச்சு, கீழே வருகிற வழியும் போச்சு.

விடியும்வரை அங்கேதான். எனக்குப் பின்னால் புளியரை வரைக்கும் வண்டிகள். சபரிமலைக் காலமாக இருந்திருந்தால் செங்கோட்டை வரைக்கும் நின்றிருக்கும். மேலே மாட்டிக்கொண்ட கேரளா பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி நடந்தே வந்தார்கள். ஒரு பெரியவர் என் கேபினில் ஏறி உட்கார்ந்தார், தென்காசியில் மகளுக்குப் பிரசவம் என்றார். அவர் பேசின மலையாளம் எனக்குப் பாதி புரிந்தது, நான் பேசினது அவருக்கு முழுசாகப் புரிந்தது. என் கிளீனர் பையன் ஸ்டவ் பற்றவைத்துக் கட்டன்சாயா போட்டான். ஐந்து மணிக்குக் கயிறு கட்டி வைக்கோல் வண்டியை இழுத்தார்கள். என் வண்டியில் இருந்தது தக்காளி. மதியம் கொல்லம் போய்ச் சேர்ந்தபோது கால்வாசி நசுங்கிப்போச்சு. வாங்குகிற வியாபாரி வாடகையில் பிடித்துக்கொண்டார். பேர் சொல்ல மாட்டேன், இப்போதும் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற ஆள்.

மேலே கோட்டைவாசலில் கருப்பசாமி இருக்கிறார். அவருக்குச் சூடம் கொளுத்தாமல் நான் ஒரு நாளும் எல்லை தாண்டினதில்லை. அன்றைக்கு மழை என்று இறங்காமல் போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டுதான் வளைவுக்கு வந்தேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

குகை எண்ணியவன்:

நான் ரயில்காரன், ரோடு தெரியாது. 1904-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதையில் செங்கோட்டையிலிருந்து புனலூர் 49 கிலோமீட்டர். அதற்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பின்னாலிருந்து இன்னொரு இன்ஜின் தள்ளும். குகை வந்ததும் பெட்டி முழுக்க ஓ என்று கத்துவோம். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் ரயில் போகும்போது கீழே ரோட்டில் லாரிகள் நின்று ஹார்ன் அடிக்கும். பத்து வீல் அண்ணாச்சி அதில் ஒருவராக இருந்திருப்பார். 2010 செப்டம்பரில் நிறுத்தினார்கள், அகலப் பாதையாகி 2018-ல்தான் மறுபடி முழுசாக ஓடினது. எட்டு வருஷம் அத்தனை கூட்டமும் பஸ்ஸில். இப்போது போனால் யாரும் கத்துவதில்லை, போனில் படம் எடுக்கிறார்கள்.

பெண்வீட்டார்:

மதுரையிலிருந்து எழுதுகிறேன், சௌராஷ்டிரர். எங்களுக்குச் செங்கோட்டை என்றால் சம்பந்தி வீட்டுக்குப் போகிற வழி. சிரிக்காதீர்கள், நிஜம். ஆரியங்காவு ஐயப்பன் மணந்த புஷ்கலா தேவி எங்கள் குலத்துப் பெண் என்பது ஐதீகம். திருவிதாங்கூருக்குப் பட்டு கொண்டுபோன வியாபாரி ஒருவரின் மகள், காட்டுவழிக்குப் பயந்து ஆரியங்காவிலேயே தங்கிக்கொண்டாள் என்று பாட்டி கதை சொல்வாள். வருஷா வருஷம் மார்கழியில் நாங்கள் பெண்வீட்டாராகச் சீர் கொண்டுபோவோம். கோயில் பக்கத்தார் சம்பந்தி என்றே கூப்பிட்டு வரவேற்பார்கள். பாண்டியன் முடிப்பு என்று நிச்சயதார்த்தம், மறுநாள் திருக்கல்யாணம்.

முதல் தடவை போனபோது எனக்கு ஒன்பது வயது. மலை ஏறிப்போய்ச் சாமி பார்க்கப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். அங்கே போனால் ரோட்டிலிருந்து படி இறங்கித்தான் கோயில், பள்ளத்தில் இருக்கிறது. "மாப்பிள்ளை வீடு ரோட்டைவிடக் கீழே இருக்கே" என்று நான் சத்தமாகச் சொல்ல, அப்பா வாயைப் பொத்தினார்.

பண்பொழிப் பையன்:

ஆரியங்காவைச் சொன்னால் அச்சன்கோவில் ஐயப்பன் கோயிலையும் சொல்ல வேண்டும். அது கேரளாதான். ஆனால் எங்கள் பண்பொழி, மேக்கரை வழியாகத்தான் வசதியான பாதை. அந்தச் சாமியின் நகைகள் புனலூரில் இருக்கின்றன. மார்கழித் திருவிழாவுக்கு அவை ஆரியங்காவு வழியாக இறங்கித் தமிழ்நாட்டுக்குள் வந்து, தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலில் வரவேற்பு வாங்கி, செங்கோட்டை, பண்பொழி வழியாக மறுபடி மலையேறிக் கேரளாவுக்குப் போகும். கேரளப் போலீஸ், தமிழ்நாட்டுப் போலீஸ் ரெண்டும் கூட வரும். சின்ன வயதில் பெட்டி வருகிற அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம்.

சாரல்வாசி:

பண்பொழித் தம்பி, இதை நான் யோசித்ததே இல்லை. மனிதருக்குக் கோடு மாறினது, சாமி நகை பழைய வழியிலேயே போகிறது. நெடுமங்காட்டில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். திருவனந்தபுரத்திலிருந்து பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை வழியாகத் தென்மலை வரும் சாலையை அங்கே பழைய ஆட்கள் செங்கோட்டை ரோடு என்றுதான் சொல்வார்களாம்.

தொங்குபாலம்:

நான் புனலூரில் கடை வைத்திருக்கும் செங்கோட்டைக்காரன். 1877-ல் கட்டி முடித்த தொங்குபாலத்துக்குப் பக்கத்தில்தான் கடை, அதனால் இந்தப் பெயர். டீச்சர், பத்திரத்தைப் பக்கத்துக் கடை மாஷிடம், அதாவது வாத்தியாரிடம், காட்டிப் படித்தேன். 1098 மேட மாதம் என்றால் இங்கிலீஷ் கணக்கில் 1923 ஏப்ரல்-மே. ஒரு வயல் கிரயம். விலை போட்ட இடத்தில் கறையான் அரித்திருக்கிறது. நாலு அதிர், அதாவது நாலு பக்கத்து எல்லை தெளிவாக இருக்கிறது. மேற்கே வாய்க்கால், வடக்கேயும் தெற்கேயும் வேறு ஆட்களின் வயல், கிழக்கே சர்க்கார் ரோடு.

கணக்கு டீச்சர்:

ரொம்ப நன்றி தம்பி. மாஷிடமும் சொல்லுங்கள். அந்த இடம் தெரிகிறது. அப்பா காலத்திலேயே விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே மரம் அறுக்கிற மில். வாய்க்கால் இல்லை. ரோடு இருக்கிறது, பழைய இடத்திலேயே.

பத்து வீல்:

எந்த மில் டீச்சர்? பெட்ரோல் பங்க்குக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் உள்ளது என்றால் அங்கே நான் எத்தனையோ தடவை தடி இறக்கியிருக்கிறேன்.